கார் வாங்குமுன் ஒரு கணக்கு

(மூன்றாம் ஆண்டு இளங்கலை வணிகவியல் மாணவன்)

காருக்கு மகிழுந்து என்று பெயர் சூட்டிய தமிழன்பர் கவியுள்ளம் படைத்தவராக இருந்திருக்க வேண்டும். ஏறி அமர்ந்த மாத்திரத்தில் மகிழ்ச்சி தரும் உந்து என்று அவர் எண்ணினார் போலும்! ஆனால் மாதந்தோறும் தவணைப் பணம் வங்கிக் கணக்கிலிருந்து கழியும் நாளில், அதன் சொந்தக்காரர்களில் எத்தனை பேர் மகிழ்கிறார்கள் என்பது ஆராய்ச்சிக்குரிய செய்தி.

கல்லூரி ஆண்டு மலரில் காரைப் பற்றி என்ன கட்டுரை வேண்டிக் கிடக்கிறது என்று நண்பர்கள் சிலர் புருவத்தை நெரிக்கலாம். நம்மில் பெரும்பாலோர் இலவசப் பயண அட்டையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நகரப் பேருந்தில் வருகிறவர்கள். உண்மைதான். ஆயினும் இன்னும் இரண்டு மூன்று ஆண்டுகளில் நாம் வேலைக்குச் செல்லப் போகிறோம். முதல் மாதச் சம்பளம் கைக்கு வந்த மறுவாரமே கார்க் கடன் தருகிறோம் என்று ஆள் தேடிவரும் காலம் இது. நம்மைப் போன்ற குடும்பங்களில் நிலம், வீடு, திருமணம் ஆகியவற்றுக்கு அடுத்தபடியாகச் செய்யும் பெருஞ்செலவு காராகத்தான் இருக்கப் போகிறது. அந்த நாள் வந்தபின் யோசிப்பதைவிட, வகுப்பறையில் அமர்ந்திருக்கும் இந்நாளில் யோசிப்பது எளிது.

புதிய கார் வாங்குவதா, பழைய கார் வாங்குவதா, வாடகைக்கோ குத்தகைக்கோ எடுத்து ஓட்டுவதா? இம்மூன்றில் எது சிறந்தது என்று கேட்பவருக்கு நான் சொல்லும் விடை ஒன்றே. முதலில் வேறு இரண்டு கேள்விகளுக்கு விடை எழுதுங்கள். ஆண்டுக்கு எத்தனை கிலோமீட்டர் அது ஓடப் போகிறது? எத்தனை ஆண்டு அதை வைத்திருக்கப் போகிறீர்கள்? இவ்விரண்டையும் எழுதிப் பார்த்தவர்களில் பலர் ஷோரூமுக்குப் போகும் வழியிலேயே திரும்பிவிடுவார்கள் என்பது என் கருத்து.

பழங்காலத்து நினைப்பு

காரைச் சொத்து என்று நினைக்கும் வழக்கம் நம் பெரியவர்களிடம் உண்டு. அந்த நினைப்புக்குக் காரணமும் உண்டு. 1970களில் இந்நாட்டில் கார் என்றால் அம்பாசிடர், பிரீமியர் பத்மினி, சென்னையில் உருவான ஸ்டாண்டர்டு ஆகிய சிலவே. எத்தனை வண்டி செய்யலாம் என்பதற்கும் அரசின் உரிமம் வேண்டியிருந்தது. பணம் கட்டிப் பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். பஜாஜ் ஸ்கூட்டருக்கும் அதே கதைதான். காத்திருக்கப் பொறுமையில்லாதவர்கள், ஓடிக்கொண்டிருந்த வண்டிக்குப் புதிய வண்டியின் விலைக்கு மேலும் கொடுத்து வாங்கியதுண்டு. அக்காலத்தில் வண்டி வைத்திருப்பது பொன் வைத்திருப்பதற்குச் சமம்.

1983 டிசம்பர் 14 அன்று முதல் மாருதி 800 காரின் சாவி டெல்லியில் அதன் உரிமையாளரிடம் கொடுக்கப்பட்டது. 1993இல் கார் உற்பத்திக்கு உரிமம் பெறும் கட்டாயம் நீங்கியது. பின்னர் நம் இருங்காட்டுக்கோட்டையிலேயே இலட்சக்கணக்கில் கார்கள் செய்யப்பட்டு வெளிவரலாயின. அம்பாசிடரின் உற்பத்தி 2014இல் நின்றே போயிற்று. பஞ்சம் போய் மிகுதி வந்துவிட்டது. கேட்டவருக்குக் கேட்ட நிறத்தில் வண்டி கிடைக்கும் காலத்தில், நேற்று வாங்கிய வண்டிக்கு இன்று அதே விலையை எவர் கொடுப்பார்? காலம் மாறியது, ‘வண்டி வாங்கினால் சொத்து’ என்ற பேச்சு மட்டும் மாறவில்லை.

படித்ததும் மறந்ததும்

நாம் கணக்குப் பதிவியலில் தேய்மானம் என்றொரு பாடம் படிக்கிறோம். நேர்கோட்டு முறை என்றும், குறைந்து செல் மதிப்பு முறை என்றும் இரண்டையும் பேராசிரியர்கள் கரும்பலகையில் எழுதிக் காட்டுகிறார்கள். நாமும் தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்குகிறோம். ஆனால் அந்தப் பாடத்தின் உயிருள்ள எடுத்துக்காட்டு சாலையில் ஓடிக்கொண்டிருப்பதைக் கவனிப்பதில்லை.

மோட்டார் காப்பீட்டில், ஒரு கார் திருட்டுப் போனால் அதன் மதிப்பு என்ன என்று கணக்கிட ஓர் அட்டவணை நெடுநாளாக வழக்கில் உண்டு. காரின் அறிவிக்கப்பட்ட விற்பனை விலையில், ஆறு மாதத்துக்குள் 5 விழுக்காடு கழிக்கப்படும்; ஓராண்டுக்குள் 15; இரண்டாண்டுக்குள் 20; மூன்றாண்டுக்குள் 30; நான்காண்டுக்குள் 40; ஐந்தாண்டுக்குள் 50. அதாவது ஐந்தாவது ஆண்டில் கார் பாதி ஆகிவிடுகிறது. சந்தை விலை இதற்குச் சற்று மேலேயோ கீழேயோ இருக்கலாம். போகும் திசை மட்டும் மாறாது.

இந்த அட்டவணை விற்பனை விலையை மட்டுமே பார்க்கிறது. அதற்கு மேலே நாம் கட்டும் ஆயுட்கால வரியும் பதிவுச் செலவும் தனி. தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் இவ்வரி உயர்த்தப்பட்டது. 5 முதல் 10 இலட்சம் வரை விலையுள்ள காருக்கு 13 விழுக்காடு என்று அப்போது வைக்கப்பட்டது. 6 இலட்ச ரூபாய்க் காருக்கு வரி மட்டும் 78,000 ரூபாய். காரை விற்கும்போது இந்த வரி வண்டியோடு போய்விடுகிறது. பழைய காரை மாநிலத்துக்குள்ளேயே வாங்குகிறவர் அதை மறுபடி கட்ட வேண்டியதில்லை. முதல் உரிமையாளர் கட்டியதன் நிழலில் இரண்டாம் உரிமையாளர் இளைப்பாறுகிறார்!

மூன்று வழி, மூன்று கணக்கு

இனிக் கணக்குக்கு வருவோம். கீழ்வரும் விலைகளை எடுத்துக்காட்டுக்காக நானே வைத்துக்கொண்டவை என்று கொள்க. அவரவர் ஊர் விலையைப் போட்டு மாற்றிப் பார்த்துக்கொள்ளலாம். குடும்பம் ஒன்று ஆண்டுக்கு 5,000 கிலோமீட்டர் போகிறது. குலதெய்வக் கோயில், உறவினர் திருமணம், மருத்துவமனை, விடுமுறைக்கு ஊர் என்று எல்லாம் சேர்த்து. பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய். ஐந்தாண்டுக்குக் கணக்கிடுவோம்.

முதல் வழி, புதிய கார். எல்லாச் செலவும் சேர்ந்து 7 இலட்சம். முன்பணம் 1 இலட்சம்; மீதி 6 இலட்சத்துக்கு நூற்றுக்கு 9 வட்டியில் ஏழாண்டுக் கடன். மாதத் தவணை ஏறத்தாழ 9,650 ரூபாய். ஐந்தாண்டு முடிவில் தவணையாகக் கட்டியது 5 இலட்சத்து 79 ஆயிரம். இன்னும் நிற்கும் கடன் 2 இலட்சத்து 11 ஆயிரம். காரை 3.5 இலட்சத்துக்கு விற்றுக் கடனை அடைத்தால், நம் கையிலிருந்து போனது 5 இலட்சத்து 40 ஆயிரம். காப்பீடும் பராமரிப்பும் ஆண்டுக்கு 20,000 வீதம் 1 இலட்சம். லிட்டருக்கு 16 கிலோமீட்டர் ஓடினால் பெட்ரோல் 1 இலட்சத்து 56 ஆயிரம். ஆக மொத்தம் ஏறத்தாழ 7 இலட்சத்து 97 ஆயிரம். கிலோமீட்டருக்கு 32 ரூபாய்!

இரண்டாம் வழி, அதே காரை ஐந்தாண்டு ஓடியபின் இன்னொருவர் 3.5 இலட்சத்துக்கு வாங்குகிறார். டயர், பாட்டரி, பெயர் மாற்றம் என்று 30,000 ஒதுக்குகிறார். 2.5 இலட்சத்தை நூற்றுக்கு 13 வட்டியில் மூன்றாண்டுக் கடனாக எடுக்கிறார், வட்டி 53,000. பழைய வண்டி அல்லவா, பராமரிப்புக்கும் காப்பீட்டுக்கும் ஆண்டுக்கு 30,000 என்றே வைப்போம். ஐந்தாண்டு கழித்து 1.5 இலட்சத்துக்கு விற்கிறார். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் என்றால் பெட்ரோல் 1 இலட்சத்து 67 ஆயிரம். மொத்தம் ஏறத்தாழ 6 இலட்சம். கிலோமீட்டருக்கு 24 ரூபாய்.

மூன்றாம் வழி, வேண்டும்போது மட்டும் ஓட்டுநரோடு வாடகைக் கார். கிலோமீட்டருக்கு 20 ரூபாய்; ஆண்டில் 25 நாள் பயணம், நாளொன்றுக்கு ஓட்டுநர் படி 500 ரூபாய். ஆண்டுக்கு 1,12,500. ஐந்தாண்டுக்கு 5 இலட்சத்து 62 ஆயிரம். கிலோமீட்டருக்கு 22 ரூபாய் 50 காசு.

பார்த்தீர்களா? ஆண்டுக்கு 5,000 கிலோமீட்டர் போகிற குடும்பத்துக்கு வாடகைக் காரே மலிவு. அதுவும் ஓட்டுநரோடு! பெரும்பாலான நடுத்தரக் குடும்பங்களில் கார் இந்த அளவுகூட ஓடுவதில்லை. வேலைக்கு இருசக்கர வண்டியிலும் பேருந்திலும் போய்விட்டு, காருக்குத் துணிப்போர்வை போர்த்தி வாசலில் நிறுத்தியிருப்பதை எல்லாத் தெருவிலும் காணலாம். யானையைக் கட்டித் தீனி போடுவது என்பது இதுதான். ஆண்டுக்கு 2,000 கிலோமீட்டர் மட்டுமே போகும் வீட்டுக்கு, நாள்களும் அதற்கேற்பக் குறைந்து 10 ஆனால், வாடகைச் செலவு ஐந்தாண்டுக்கு 2 இலட்சத்து 25 ஆயிரம்தான். பழைய கார் வைத்திருந்தாலும் ஏறத்தாழ 5 இலட்சம் ஆகும்.

இதே எண்களைக் கொண்டு எல்லையையும் காணலாம். ஆண்டுக்கு ஏறத்தாழ 5,500 கிலோமீட்டரைத் தாண்டினால் வாடகைக் காரைவிடப் பழைய கார் இலாபம். ஏறத்தாழ 8,000 கிலோமீட்டரைத் தாண்டிய பிறகே புதிய கார் வாடகைக் காரை வெல்கிறது. ஓடாத காருக்குக் கணக்கில் நியாயமே இல்லை.

நள்ளிரவில் நோய் வந்தால் வாடகைக் காருக்கு எங்கே போவது என்று தாய்மார்கள் கேட்பார்கள். நியாயமான அச்சம். ஆனால் நெஞ்சுவலிக்காரரைப் பின்னிருக்கையில் படுக்கவைத்து, பதற்றத்தோடு மகனே ஓட்டிச் செல்வது பாதுகாப்பும் அன்று, சிகிச்சையும் அன்று. 2008 செப்டம்பர் முதல் நம் மாநிலத்தில் 108 ஆம்புலன்ஸ் கட்டணமின்றி ஓடுகிறது. அதில் முதலுதவி தெரிந்தவரும் இருக்கிறார், உயிர்க்காற்றும் இருக்கிறது.

தவணையெனும் தேன்

“மாதம் 9,650 ரூபாய்தானே!” என்று விற்பனையாளர் சொல்வார். அவர் ஒருபோதும் மொத்தத்தைச் சொல்லமாட்டார். மேற்சொன்ன 6 இலட்சக் கடனை மூன்றாண்டில் கட்டினால் வட்டி 87,000. ஐந்தாண்டில் கட்டினால் 1 இலட்சத்து 47 ஆயிரம். ஏழாண்டில் கட்டினால் 2 இலட்சத்து 11 ஆயிரம். தவணை சிறுக்கச் சிறுக்க வட்டி பெருக்கிறது. தேனை விரலில் தொட்டு நக்கக் கொடுத்துவிட்டுக் குடத்தைப் பின்னால் தூக்கிப் போவது போன்ற வித்தை இது.

இதனினும் பொல்லாத வித்தை ஒன்று உண்டு. இருசக்கர வண்டிக்கும் பழைய காருக்கும் கடன் கொடுக்கும் சில இடங்களில், “வட்டி நூற்றுக்குப் பத்துதான்” என்பார்கள். 1 இலட்சத்துக்கு மூன்றாண்டு வட்டி 30,000; ஆகவே 36 மாதத்துக்கு மாதம் 3,611 ரூபாய் என்று எழுதிக் கொடுப்பார்கள். கணக்குச் சரியாகத்தானே இருக்கிறது? இல்லை. நாம் மாதாமாதம் அசலையும் சேர்த்தே கட்டி வருகிறோம். கடைசி மாதத்தில் நம்மிடம் நிற்கும் கடன் சில ஆயிரமே. ஆனால் வட்டியோ, கட்டி முடித்த அசலுக்கும் சேர்த்து முழு இலட்சத்துக்கும் போடப்பட்டிருக்கிறது. குறையும் நிலுவைக்கு வட்டி போட்டுப் பார்த்தால் இது நூற்றுக்கு ஏறத்தாழ 18. பத்தென்று சொல்லிப் பதினெட்டு வாங்குவது! கடன் வாங்கும்போது, “நிலுவைக்கு வட்டியா, முழுத் தொகைக்கு வட்டியா?” என்று ஒரு கேள்வி கேட்கத் தெரிந்தால் போதும். மூன்றாண்டு வணிகவியல் படித்ததன் பயன் அந்த ஒரு கேள்வியிலேயே கிடைத்துவிடும்.

பழையது வாங்குவோர் கவனத்துக்கு

பழைய கார் மலிவு என்றேன். எந்தப் பழைய காரும் மலிவு என்று சொல்லவில்லை. ஆழமறியாமல் காலை விடக்கூடாது. சென்னையில் 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் வெள்ளம் புகுந்தபோது மூழ்கிய கார்கள் ஏராளம். அவ்வாறு மூழ்கிய வண்டி துடைத்து மெருகிடப்பட்டு வேறு ஊர்ச் சந்தைக்கு வருவதுண்டு. தரைவிரிப்பைத் தூக்கிப் பார்த்தால் வண்டல் தெரியும். இருக்கை நகரும் தண்டவாளத்தில் துரு தெரியும். கண்ணாடிகளை ஏற்றி ஒரு மணி நேரம் வைத்தால் வாடை காட்டிக்கொடுக்கும். ஓடிய தூரம் காட்டும் கருவியை நம்புவதைவிட, பிரேக் மிதியின் ரப்பர் தேய்ந்திருக்கிறதா என்று பார்ப்பது மேல். நமக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவருக்கு அரைநாள் கூலி கொடுத்து அழைத்துப் போவது, நாம் செய்யும் செலவுகளிலேயே சிறந்த செலவு.

எந்த ஆண்டு வண்டி என்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் பிரேக் அமைப்பு 2019இல் எல்லாப் புதிய கார்களுக்கும் கட்டாயமானது. புகைக்கட்டுப்பாட்டில் பாரத் ஆறாம் நிலை 2020 ஏப்ரலில் வந்தது. முன்னிருக்கை இரண்டுக்கும் காற்றுப் பை வேண்டும் என்ற விதி 2021 முடிவதற்குள் எல்லா மாதிரிகளுக்கும் வந்துவிட்டது. ஆகவே 2022ஆம் ஆண்டோ அதற்குப் பின்னரோ தயாரான காராகப் பார்த்து வாங்கினால், விலையும் இறங்கியிருக்கும். உயிர் காக்கும் ஏற்பாடுகளும் இருக்கும். இன்னும் மலிவு என்று பத்தாண்டுக்கு முந்தைய வண்டியை எடுக்கும்போது, பணத்தில் மிச்சம் பிடித்ததைப் பாதுகாப்பில் கொடுக்கிறோம் என்பதை மறக்கலாகாது.

எல்லாவற்றுக்கும் மேலானது பெயர் மாற்றம். “நம்ம ஆளுதான், கையெழுத்துப் போட்ட படிவம் இருக்கிறது, பிறகு மாற்றிக்கொள்ளலாம்” என்ற பேச்சு நம் ஊர்களில் மிகச் சாதாரணம். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 50ஆம் பிரிவு, ஒரே மாநிலத்துக்குள் என்றால் விற்றவர் 14 நாளுக்குள்ளும் வாங்கியவர் 30 நாளுக்குள்ளும் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. தெரிவிக்காவிட்டால் என்ன ஆகும்? 2007இல் ஒருவர் தம் காரை விற்றார். அது மேலும் சில கைகள் மாறியது. 2009இல் விபத்துக்குள்ளாகி ஓர் உயிர் போயிற்று. பதிவேட்டில் அப்போதும் முதல் மனிதரின் பெயரே இருந்தது. இழப்பீட்டுப் பொறுப்பு பதிவேட்டில் பெயர் உள்ளவருக்கே என்று 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. காரைக் கொடுத்து, பணத்தை வாங்கி, செலவழித்தும் முடித்த பிறகு, பழி மட்டும் வீடு தேடி வருகிறது! வாங்குகிறவரும் இன்னொன்று பார்க்க வேண்டும்: ஆர்.சி. புத்தகத்தில் கடன் குறிப்பு இருந்தால், அதை நீக்கக் கடன் கொடுத்தவரின் ஒப்பம் இல்லாமல் ஒரு ரூபாய்கூட முன்பணம் கொடுக்கக் கூடாது.

புதியதின் பக்கமும் நியாயம் உண்டு

ஒருபக்கம் மட்டும் பேசினால் அது கருத்துரை ஆகாது, விளம்பரம் ஆகிவிடும். 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களின் சரக்கு மற்றும் சேவை வரி, 28 விழுக்காடும் அதன்மேல் கூடுதல் தீர்வையும் என்றிருந்தது 18 விழுக்காடாகக் குறைந்தது. புதியதின் விலை இறங்கினால் பழையது முன்போல இலாபமாக இராது. உத்தரவாதக் காலத்தில் பழுதுச் செலவு குறைவு. வழியில் நின்றுவிடுமோ என்ற கவலையும் குறைவு. நாள்தோறும் நெடுந்தூரம் செல்லும் மருந்து விற்பனைப் பிரதிநிதிக்கோ, இரவுப் பணிக்குச் செல்லும் மருத்துவருக்கோ இவை பெரிய நன்மைகள்.

அதுமட்டுமன்று. அதே 7 இலட்சக் காரை மூன்றாண்டுக் கடனில் வாங்கி, 12 ஆண்டு வைத்திருந்து, கடைசியில் 1 இலட்சத்துக்கு விற்பதாகக் கொள்வோம். காப்பீடும் பராமரிப்பும் சராசரி ஆண்டுக்கு 25,000. பெட்ரோல் நீங்கலாக ஆண்டுச் செலவு ஏறத்தாழ 82,000தான். பழைய காருக்கு நாம் கண்டது ஏறத்தாழ 87,000. ஆகப் புதிய கார் வாங்குவது குற்றமன்று. புதியதை நீண்ட தவணையில் வாங்கி, ஐந்தாண்டில் அலுத்துப்போய், அடுத்த புதியதற்குத் தாவுவதுதான் பணத்தைக் கரைக்கிறது. மனைவி மக்களோடு சேர்ந்து மூப்படையட்டும் அந்தக் கார்!

குத்தகை

நிலத்தைக் குத்தகைக்கு எடுப்பது நமக்குத் தெரியும். குத்தகை நெல்லை அளந்துவிட்டு மிஞ்சியதை உழுதவன் வீட்டுக்குக் கொண்டுபோவான். காரைக் குத்தகைக்கு எடுப்பது வேறு. மாதாமாதம் ஒரு தொகை. காப்பீடும் பராமரிப்பும் பெரும்பாலும் அதிலேயே அடக்கம். இரண்டு மூன்று ஆண்டு கழித்து வண்டியைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். குறித்த கிலோமீட்டரைத் தாண்டினால் கூடுதல் கட்டணம். இடையில் முறித்துக்கொண்டால் அதற்கும் கட்டணம். இதில் மிஞ்சுவது ஒன்றுமில்லை. தேய்மானத்தை நிறுவனம் சுமப்பதுபோல் தோன்றினாலும், அந்தத் தேய்மானத்தை நம் வாடகையில்தான் அது பிரித்து வாங்குகிறது. பெரிய நிறுவனங்களில் வேலை பார்த்து, சம்பளத்திலிருந்து பிடித்தம் செய்து வருமான வரியிலும் சலுகை பெறுகிறவர்களுக்கும், ஓரிரு ஆண்டில் ஊர் மாறுகிறவர்களுக்கும் அது பொருந்தலாம். மற்றவர்கள் அவசரப்பட வேண்டாம்.

சில நாளுக்கு மட்டும் நாமே ஓட்ட வாடகைக்கு எடுப்பதிலும் ஒரு கவனம் வேண்டும். அவ்வாறு உரிமம் பெற்ற வண்டிக்குக் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருக்கும். தெரிந்தவர் வீட்டு வெள்ளைப் பலகைக் காரை ஆயிரம் ரூபாய் மலிவாகக் கிடைக்கிறதென்று எடுத்துப் போகிறவர்கள் பலர். சொந்த உபயோகத்துக்கான காப்பீட்டில் வாடகைக்கு ஓட்டுவதற்கு இடமில்லை. விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் கையை விரிக்க அதுவே வழி.

நாலு பேரும் மாப்பிள்ளைக் காரும்

இவ்வளவு கணக்கும் தெரிந்தவர்கள்கூடத் தவறான காரை வாங்குவதேன்? நாலு பேர் என்ன சொல்வார்கள் என்பதே காரணம். பழைய கார் வாங்கினால் பெருமை குறைவாம்; வாடகைக் காரில் வந்து இறங்கினால் மதிப்பில்லையாம். அந்த நாலு பேரில் ஒருவராவது நம் தவணையில் ஒரு மாதம் கட்டுவாரா?

இந்தப் போலிப் பெருமையின் கொடிய உருவம் திருமணத்தில் வெளிப்படுகிறது. மாப்பிள்ளைக்குக் கார் என்பது இன்று சீர்வரிசைப் பட்டியலில் ஏறிவிட்டது. அங்கே புதியதா பழையதா என்ற கேள்விக்கே இடமில்லை. ஐந்தாண்டு ஓடிய காரைக் கொடுக்கிறேன் என்று எந்தத் தகப்பனாவது வாய் திறக்க முடியுமா? நெல் விற்ற பணமும், ஓய்வுபெற்றபோது வந்த பணமும், போதாததற்குக் கடனும் சேர்ந்து ஷோரூம் வாசலில் ரிப்பன் கட்டி நிற்கிறது. மணமகன் மாலையோடு சாவி வாங்குகிறான்; மாமனார் வட்டி வாங்குகிறார்! 1961ஆம் ஆண்டிலேயே வரதட்சணைத் தடைச் சட்டம் வந்துவிட்டது. கொடுப்பதும் வாங்குவதும் குற்றம் என்று அது சொல்கிறது. ஆனால் அன்பளிப்பு என்ற பெயரில் நான்கு சக்கரத்தின்மீது அந்தக் குற்றம் ஊர்வலம் வருகிறது. ஐந்தாண்டில் பாதியாகத் தேயும் பொருளுக்காக, ஒரு தகப்பனின் ஆயுட்காலச் சேமிப்பு ஒரே நாளில் தேய்கிறது. மாணவ நண்பர்களே, மற்றச் செலவுகளில் நம் அறிவு சறுக்கினாலும் பரவாயில்லை; இதிலாவது நிமிர்ந்து நிற்போம். நம் காரை நம் சம்பளத்தில் வாங்குவோம்; இயலாதபோது பேருந்தில் போவோம். மாணவியரும், கார் கேட்டு வருகிற வரனை வாசலோடு திருப்பியனுப்பும்படி பெற்றோரிடம் துணிந்து சொல்ல வேண்டும்.

முடிவாக

வருவாய் சிறிதென்பதால் மட்டும் ஒருவன் கெட்டுவிடுவதில்லை. செலவின் வாய்க்கால் அகலாதவரை அவனுக்குக் கேடில்லை என்ற கருத்தை வள்ளுவர் ஈராயிரம் ஆண்டுக்கு முன்பே வைத்துப் போனார். அவர் காலத்தில் தவணை இல்லை. ஆனால் அவர் சொன்ன வாய்க்காலுக்கு இன்று தவணை என்றே பெயர்.

என் கருத்தைச் சுருக்கித் தருகிறேன். ஆண்டுக்கு 5,000 கிலோமீட்டருக்குள் போகிறவர்கள் வாங்கவே வேண்டாம். வாடகைக் கார் போதும். அதற்கு மேல் போகிறவர்கள், முதல் காராக நான்கைந்து ஆண்டு ஓடிய காரை, இயன்றவரை கைப்பணத்தில் வாங்குங்கள். பெயரை உடனே மாற்றுங்கள். நிறைய ஓடுகிறவர்களும் பத்துப் பன்னிரண்டு ஆண்டு வைத்துக்கொள்ளும் பொறுமையுள்ளவர்களும் மட்டும் புதிய காரைக் குறுகிய கடனில் வாங்குங்கள். நிறுவனம் ஏற்பாடு செய்து தந்தாலன்றிக் குத்தகை வேண்டாம்.

இக்கணக்கில் பிழையிருப்பின் வணிகவியல் துறைப் பேராசிரியப் பெருமக்கள் திருத்தியருள வேண்டுகிறேன். கணக்கே போடாமல் சாவி வாங்கும் வழக்கத்தை மட்டும் நாம் அனைவரும் சேர்ந்தே திருத்த வேண்டும்.